முதல் வரிசையில் இருந்த பெயர்

திண்டுக்கல்
11.3.2002

அன்புள்ள ரொனால்டு,

நேற்றுப் பூசை முடிந்ததும் பூத்துக்குப் போய் உனக்கு எஸ்டிடி போட்டேன். உன் வீட்டுச் சொந்தக்கார அம்மாள் எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். சொல்ல வந்தது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தாயிற்று. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் இல்லை. அங்காளேஸ்வரி என்று பெயர். நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். தகப்பனார் சுருளிவேல் மல்லிகை போட்டிருக்கிறார். வருடத்தில் இருபத்தேழு நாள் வரைக்கும் வராமல் இருக்கலாம். அவளுக்கு முப்பத்தைந்து நாள் விழுந்திருக்கிறது.

சனிக்கிழமை தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல்வர் அம்மா ஆபீசில் இருந்த என்னைக் கூப்பிட்டு, தேதிவாரியாகக் கம்ப்யூட்டரில் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனேன். வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அந்த மனிதர் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முடித்ததும் அவர் முதல்வரிடம் பேசவில்லை, என்னிடம்தான் கேட்டார்.

"ஏம்மா, ஆறேகால் பஸ்ஸுக்கு நாந்தேன் ஏத்திவிடுறேன். ஒருநாளும் தவறுனதில்ல. நீங்க இங்க வரலைங்கிறீக. அப்ப எங்கிட்டுப் போனா?"

அவள் தகப்பனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "நாலு நாள் வரல மேடம். அம்மாவுக்குக் காய்ச்சல். மத்த முப்பத்தோரு நாளும் வந்தேன்" என்றாள். அழவில்லை. கணக்கு வாத்தியார் பலகையில் எழுதியது தப்பு என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் எப்படி இருக்கும், அப்படிச் சொன்னாள்.

முதல்வர் அம்மா, "பூ எடுக்குற சீசன்ல இந்தப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன் ரொனால்டு. அது இரண்டு நாளாக நெஞ்சில் கிடக்கிறது. "கம்ப்யூட்டருக்கு உன் மேல என்னம்மா கோவம்? அது எதுக்குப் பொய் சொல்லப்போகுது?" என்றேன்.

இந்த வருகைப் பதிவு புரோகிராம் நீ எழுதியது. என் தம்பி எழுதியது என்று முதல்வரிடம் நான் நின்று பேசி வாங்க வைத்தது. அதனால் உன்னைக் கேட்கிறேன். அதில் தப்பு வர வழி உண்டா? ஆசிரியைகள் தினமும் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளைப் பதிந்ததும் நாங்கள் கிழித்துப் போட்டுவிடுகிறோம். சரிபார்க்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

பரீட்சை இருபத்தைந்தாம் தேதி. சீக்கிரம் எழுது.

அக்கா
ஜோஸ்பின்


சென்னை
18.3.2002

அக்கா,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம். அதனால் ஒரு வாரம் தாமதம்.

புரோகிராமில் கோளாறு இருந்தால் நாற்பத்திரண்டு பேருக்கும் இருக்கும். ஒருத்திக்கு மட்டும் எப்படி இருக்கும்? நீயே யோசி. கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்யாது. நாம் எதை அழுத்துகிறோமோ அதைத்தான் செய்யும். போன முறை வந்தபோது பார்த்தேன், நீ மவுஸைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது. ஒரு கட்டத்துக்குப் பதில் மேலேயோ கீழேயோ அழுத்தியிருப்பாய். கண்ணையும் ஒருதரம் காட்டு. கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே சொன்னேன்.

அந்தப் பெண்ணின் விஷயம் உனக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். ஆறேகால் பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் பள்ளியில்தான் இறங்குவார்கள் என்று இல்லை.

டிசம்பரில் புரோகிராமைப் புதுப்பிக்க ஒரு பிளாப்பி கொடுத்துவிட்டு வந்தேனே, அதைப் போட்டாயா? போடவில்லை என்றால் போட்டுவிடு.

ரொனால்டு


திண்டுக்கல்
22.4.2002

ரொனால்டு,

உனக்கு உடனே பதில் எழுதக்கூடாது என்று ஒரு மாதம் இருந்தேன். உடனே எழுதியிருந்தால் கிழிக்கிற மாதிரி எழுதியிருப்பேன்.

கை நடுங்குவது உண்மைதான். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போன பிறகு, உன்னைப் படிக்க வைக்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பதினொரு வருடம் தட்டிய கை. அதைக் குறையாகச் சொல்ல உனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது என்று நினைத்துச் சொல்லிவிட்டாய் போல. போகட்டும்.

பிளாப்பியைப் போடவில்லை. "சின்னச் சின்ன மாற்றம், நேரம் கிடைக்கும்போது போடு" என்றுதான் நீ சொன்னாய். வருடக் கடைசியில் எதையாவது போட்டு இருக்கிறதும் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து டிராயரில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பரீட்சை முடிந்துவிட்டது. அங்காளேஸ்வரி எழுதவில்லை.

போன வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்திருந்தாள், சான்றிதழ்களைத் திரும்ப வாங்க. கூட ஒரு சித்தி. இப்போது தனியாக எங்கும் விடுவதில்லையாம். சித்தி தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் என்னிடம் சொன்னாள்.

"வீட்டுக்குப் போனதும் அப்பா அந்தப் பேப்பர விரிச்சு வச்சு, ஒவ்வொரு தேதியா கேட்டாரு மேடம். இன்னைக்கு எங்க போன, இன்னைக்கு யாரப் பாக்கப் போனன்னு. பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன்னு முப்பத்தோரு தடவை சொன்னேன். கடைசில அடிச்சாரு. அதுக்கு முந்தி அவரு என்னை அடிச்சதே இல்ல."

பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். பழனிக்குமார் என்று பெயராம், தேங்காய் வியாபாரம். கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. எட்டு நாளில் பேசி முடித்த சம்பந்தம். எதற்கு அவ்வளவு அவசரம் என்று ஊரில் கேட்பார்கள். கேட்டு, அவர்களே ஒரு பதிலும் சொல்லிக்கொள்வார்கள்.

சான்றிதழ்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "மேடம், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நெசமாவே நான் வரலையோ?" என்றாள்.

நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை.

ஜோஸ்பின்


திண்டுக்கல்
20.6.2002

ரொனால்டு,

இதை நிதானமாகப் படி. நானும் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

பள்ளி திறந்து இரண்டு வாரம். நேற்று முதல்முறையாக வருகையை அச்சடித்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் அற்புதமேரி என்ற பெண் இரண்டு நாள் வரவில்லை என்று வந்தது. அவள் விடுதிப் பிள்ளை. காலையில் பிரார்த்தனைக்கு மணி அடிப்பது அவள்தான். மணி என் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவள் மணி அடித்ததை நான் பார்த்தேன்.

பட்டியலில் அவள் முதல் பெயர். உடனே பழைய பட்டியலை எடுத்தேன். அங்காளேஸ்வரியும் முதல் பெயர். போன வருடம் முதலாண்டில் முதல் பெயர் அமலி. அவள் ஜூனிலேயே படிப்பை நிறுத்திவிட்டாள், பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதனால் அவளுக்கு எத்தனை நாள் விழுந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நான் பதியும் முறை உனக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்கூட்டியே டிக் இருக்கும். வராதவளின் கட்டத்தில் மவுஸை வைத்துக் கிளிக் செய்தால் டிக் போய்ப் பெருக்கல் குறி விழும். பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டு போவேன். இடையில் போன் வரும், யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் எந்தத் தேதியில் இருந்தேன் என்று கண் தடுமாறும். அப்போது மேலே தலைப்பில் இருக்கும் தேதியை ஒருதரம் கிளிக் செய்வேன். அந்தத் தேதிக்குக் கீழே உள்ள கட்டம் எல்லாம் நீலமாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி பதிவேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்த வசதி. சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நேற்றுப் பட்டியலை மேலேயே நிறுத்தி வைத்துத் தலைப்பைக் கிளிக் செய்தேன். நீலம் வந்தது. முதல் வரிசையில் டிக் பெருக்கலாக மாறியது. நீலத்துக்குள் அது கண்ணில் படவேயில்லை, குனிந்து பார்த்ததால் தெரிந்தது. அடுத்த தேதியின் தலைப்பைக் கிளிக் செய்தேன். மாறியது. பத்துத் தேதி செய்தேன். பத்தும் மாறின.

பிறகு டிராயரில் இருந்த பிளாப்பியைப் போட்டேன். தலைப்பைக் கிளிக் செய்தேன். நீலம் வந்தது. டிக் அப்படியே இருந்தது.

ஆக, டிசம்பரில் நீ சரிசெய்து கொண்டுவந்தது இதைத்தான்.

மார்ச்சில் நான் உன்னைக் கேட்டபோது உனக்குத் தெரியும். ஒருத்திக்கு மட்டும் எப்படித் தப்பு வரும் என்று என்னைத் திருப்பிக் கேட்டாய். எனக்கு ஒரு கேள்விதான். அதை எழுதும்போது உன் கை நடுங்கியதா?

ஜோஸ்பின்


சென்னை
29.6.2002

அக்கா,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

போன நவம்பரில் வத்தலக்குண்டில் ஒரு டியூட்டோரியலுக்கு இதே புரோகிராமைப் போட்டுக் கொடுத்தேன். அங்கே குர்ஷித் பேகம் என்ற அம்மாள்தான் பதிவார்கள். "தம்பி, நான் மேலே எழுத்தைத்தானே தொட்டேன், கீழே ஏன் மாறுது?" என்று கேட்டார்கள். பார்த்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

மவுஸை அழுத்தியதும் புரோகிராம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மவுஸின் முனை இப்போது எதன் மேல் நிற்கிறது? தலைப்பின் மேலா, கட்டத்தின் மேலா, ஓரத்தில் நகர்த்தும் பட்டையின் மேலா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நான் அதைக் கேட்காமல், எந்த வரிசை தேர்வாகியிருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தேன். தலைப்பைத் தொட்டால் அந்த அட்டவணை தானாகவே முதல் வரிசையைத் தேர்வு செய்துகொள்ளும். என் புரோகிராம் போய் அங்கே இருப்பதை மாற்றிவிடும். எழுதி முடித்ததும் நூறு தடவை சோதித்தேன். நூறு தடவையும் கட்டங்களைத்தான் கிளிக் செய்தேன். தலைப்பை யாராவது தொடுவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

திருத்துவதற்கு இரண்டு வரிதான். அன்று மதியமே திருத்திவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்த மாதம்தான் இந்தக் கம்பெனியில் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. நான் தனியாக எழுதிய புரோகிராம் ஒரு பள்ளியில் ஓடுகிறது என்று காட்டித்தான் உள்ளே வந்திருந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்று, முதல்வரிடம் உன் பெயரை வைத்து நீ பேசியிருந்தாய். தப்பு என்று சொன்னால் உனக்கு அவமானம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது பார்க்கிறேன், எனக்கு அவமானம் என்பதைத்தான் அப்படி மாற்றி வைத்திருக்கிறேன். சின்ன மாற்றம் என்று சொல்லிப் பிளாப்பியைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

மார்ச்சில் உன் கடிதம் வந்தபோது தெரிந்துவிட்டது. பட்டியலில் அவள் எத்தனாவது பெயர் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் உறுதியாகிவிடுமே என்றுதான் கேட்கவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு தந்தி போதும்.

கை நடுங்கியதா என்று கேட்டாய். இல்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம் என்று நீ சொல். ஒன்று மட்டும் தோன்றுகிறது. அந்தப் பெண் புருஷன் வீட்டில் இருக்கிறாள். இதைப் போய்க் கிளறினால் அவளுக்குத்தான் தொல்லையாகுமோ?

ரொனால்டு


திண்டுக்கல்
15.7.2002

ரொனால்டு,

கிளறினால் அவளுக்குத் தொல்லை என்பது உன் பழைய புத்தி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அதை நம்பாதே.

இதில் என் பங்கையும் எழுதி வைக்கிறேன். நீ டிசம்பரில் பிளாப்பி கொடுத்த பிறகு, ஜனவரி பிப்ரவரியில் மட்டும் அவளுக்குப் பன்னிரண்டு நாள் விழுந்திருக்கிறது. நான் பயப்படாமல் அதைப் போட்டிருந்தால் முப்பத்தைந்து இருபத்துமூன்றாக நின்றிருக்கும், பரீட்சை எழுதியிருப்பாள். அந்தப் பன்னிரண்டு நாள் என்னுடையது. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

முதல்வர் அம்மாவிடம் சொன்னேன். செய்து காட்டினேன். "இதை வெளியே சொன்னால் இரண்டு வருஷத்துப் பிள்ளைங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. எழுத்தில் ஒண்ணும் தர முடியாது" என்றார்கள். எழுதித் தராவிட்டால் நான் இந்த நாற்காலியில் உட்கார முடியாது என்றேன். "அது உங்க இஷ்டம்" என்றார்கள். போன திங்களிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை பாலசமுத்திரம் போனேன். பழனியில் இறங்கி வேறு பஸ். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மாமியார் வாசலில் தேங்காய் உரித்த மட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, எங்கிருந்து வாரீங்க? உக்காருங்க" என்று நல்லபடியாகத்தான் பேசினார். பயிற்சிப் பள்ளியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. "படிச்ச கதையெல்லாம் எங்களுக்கும் தெரியுமுங்க" என்று உள்ளே எழுந்து போனார். அந்த ஒரு பேச்சிலேயே, அந்த வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்காளேஸ்வரியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு, முதல் வரிசை, பிளாப்பி, நீ, நான். எதையும் விடவில்லை. கோபப்படுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையை எடுத்து, "அப்ப நான் வந்தேன்" என்றாள். "ஆமாம்மா, வந்தாய்" என்றேன். "நான் வந்தேன்ல மேடம்" என்று மறுபடியும் கேட்டாள். நாலைந்து தடவை கேட்டிருப்பாள்.

வருகிற மார்ச்சில் எழுத வைக்க நான் ஓடியாடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"பரீட்சை கெடக்கட்டும் மேடம். எங்கப்பாகிட்ட சொல்லணும். நீங்க சொன்னா நம்ப மாட்டாரு. அன்னைக்குப் பேப்பர வாசிச்சது நீங்கதான். இப்ப நீங்களே வந்து இல்லைனா, எதோ நான் அழுது கேட்டதுக்காகச் சொல்றீகன்னு நெனைப்பாரு. அத எழுதுனவரு வந்து சொல்லணும். ஆடிக்கு என்னைய அழைச்சுட்டுப் போவாங்க. அப்ப வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு அவள் அப்பா வீட்டில் இருப்பாள். ஊருக்குப் போகும் வழி பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

போகாவிட்டால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஜோஸ்பின்


சென்னை
7.8.2002

அக்கா,

போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டுக்கல்லில் இறங்கினேன். வீட்டுக்கு வர முகமில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறிவிட்டேன். மன்னித்துக்கொள்.

சுருளிவேல் ஐயா தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பூவை வேனுக்கு ஏற்றிவிட்ட ஈரம் கையில் இருந்தது. யார் என்று சொன்னேன். கட்டிலைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவர் மனைவி சண்முகவள்ளி கதவோரம் நின்றார். மாப்பிள்ளை பழனிக்குமாரும் இருந்தார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்து வைத்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு வரவில்லை. "உங்கள் மகள் மேல் தப்பு இல்லை. நான் எழுதின புரோகிராம்தான் தப்பு. அது எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லவில்லை" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தார். மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. என்னிடம் நீட்டி, "இதுல எது நெசம், எது பொய்யின்னு பிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

அக்கா, அதை என்னால் செய்ய முடியாது. நீ தலைப்பைக் கிளிக் செய்து விழுந்த குறிக்கும், நிஜமாகவே வராததற்கு விழுந்த குறிக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் ஒரே பெருக்கல். நீ அதை யோசித்திருந்தாயோ என்னவோ, நான் யோசிக்கவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. உங்கள் மகளுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப வாசிங்க. அவ சொல்லட்டும்" என்றார்.

ஜூலை பன்னிரண்டு என்றேன். அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றபடி, "வந்தேன். அன்னைக்கு மழை. பஸ்ஸு லேட்டு. சகாயராணி டீச்சர் முதல் பீரியட் வெளிய நிக்க வச்சாங்க" என்றாள். ஆகஸ்ட் ஒன்பது என்றேன். "வந்தேன். குழந்தை உளவியல் டெஸ்ட். பதினாறு மார்க்." செப்டம்பர் பதினெட்டு. "வந்தேன். டெய்சி மயங்கி விழுந்துட்டா, நாந்தேன் தண்ணி தெளிச்சேன்." சிலதற்கு நினைவில்லை, வந்தேன் என்று மட்டும் சொன்னாள். சொல்லச் சொல்ல முன்னால் வந்துவிட்டாள். பாதிக்கு மேல் என் முன்னால் நின்று சொன்னாள்.

நவம்பர் ஆறு என்றேன். "வரல" என்றாள். ஏழு. "வரல." எட்டு, ஒன்பது. "வரல. வரல."

சுருளிவேல் ஐயா தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "ஆஸ்பத்திரில நான் கெடந்தது" என்றார். "கூட இருந்தது இவதான். நீங்கதான் சோறு கொண்டாந்தீக." அந்த நாலு நாளும் அவர் தன் கண்ணால் மகளை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்.

மிச்சத் தேதிகளை வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் விடவில்லை. "முழுசும் வாசிங்க சார்" என்றாள். பிப்ரவரி வரைக்கும் வாசித்தேன்.

முடிந்ததும் மாப்பிள்ளைதான், "இத கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா இம்புட்டுப் பேச்சு இருக்காதுல்லங்க" என்று என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எந்தப் பேச்சு என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

சுருளிவேல் ஐயா மகளிடம் போனார். பக்கத்தில் போய் நின்றார், தொடவில்லை. "நீ சொன்ன. நான் பேப்பரத்தான் நம்புனேன்" என்றார். அவள், "காப்பி போடவாப்பா, சாருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அதைக் குடித்து முடிக்கத்தான் எனக்கு அங்கே மிகவும் கஷ்டமாக இருந்தது.

பஸ் நிறுத்தம் வரை அவரும் வந்தார். பஸ் வந்ததும், "அந்தக்கா வேலைய விட்டுட்டாகளாமே" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு என்ன பண்ணப்போறீக?" என்றார். அந்தக் கேள்வியோடுதான் ஏறினேன்.

கம்பெனியில் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, ஆனால் முன்போல் இல்லை. வத்தலக்குண்டுக்கும் இதே புரோகிராம் ஓடும் மற்ற இரண்டு இடத்துக்கும் எழுதிவிட்டேன். எதைத் திருத்தினேன், எதனால் திருத்தினேன், அதற்கு முன்பு பதிந்ததை நம்பக்கூடாது என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

ரொனால்டு


திண்டுக்கல்
17.11.2002

ரொனால்டு,

உன் ஆகஸ்ட் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. பதில் எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. எல்லாம் ஒரேயடியாக வந்தது, அதனால்தான் எழுதவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மைதீன் பிச்சை பாய் புதிதாக வைத்திருக்கும் அச்சகத்தில் தமிழ் டைப்பிங். மெய்ப்புப் பார்ப்பதும் நான்தான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. நீ சொன்னது சரிதான், இரண்டு வருடம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

சுருளிவேல் செப்டம்பரில் பள்ளிக்குப் போயிருக்கிறார். தனியாக. முதல்வர் அறை வாசலில் மூன்று நாள் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். சத்தம் போடவில்லையாம். யார் கேட்டாலும், "எம்பொண்ணு வந்ததுன்னு எழுதித் தாங்க, போயிர்றேன்" என்று மட்டும் சொன்னாராம். மூன்றாம் நாள் முதல்வர் அம்மா முத்திரை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து வந்ததற்கு அசையாதவர்கள். சடையாண்டி வாட்ச்மேன் வந்து சொன்னார்.

அதை எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் காட்டினாராம். மார்ச் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாராம். அங்காளேஸ்வரி இப்போது ஐந்து மாதம். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். அப்புறம் என்பது எப்போது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விண்ணப்பத்தை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. என்னையே இன்னும் முடியவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வா. வந்து சாப்பிடு. பேச வேண்டியதை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டோம், பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் பழனிக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருக்கிறது, மற்றபடி சுகம். மாமியார் இப்போது என்னிடம் பேசுகிறார். அவள் ஒன்று சொன்னாள். அதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவள் அப்பா இப்போது பதினைந்து நாளுக்கு ஒருதரம் பாலசமுத்திரம் வருகிறாராம். பூப் பொட்டலத்தை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, இவள் பக்கத்தில் வந்து உட்காருவாராம். வேறு எதுவும் பேசத் தெரியாமல் அந்தத் தேதிகளில் ஒன்றைச் சொல்லி, "அன்னைக்கு உங்களுக்கு என்ன பாடம் நடத்துனாக?" என்று கேட்பாராம். இவள் சொல்வாளாம். குழந்தைக்கு எந்த வயதில் எது புரியும், எழுத்தை எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்று நினைவில் இருக்கிறதையெல்லாம் சொல்வாளாம். அவருக்கு ஒன்றும் புரிவதில்லையாம். ஆனாலும் இடையில் எழுந்திருக்காமல், முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறப் போகிறாராம்.

அக்கா